வாலில் தொங்கும் பட்டியை வெட்டாதீர்கள்

கைத்தொழில் பக்கம்



யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் இம்மாதம் வந்திருக்கிறது. கொப்பித் தாளில் நான்கு பக்கம். அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருக்கு எழுதும் பதில் உங்களில் பலருக்கும் பயன்படும்.

கணவர் நோயாளி. வீட்டுச் செலவு இவருடைய தையல் மெஷினில்தான் ஓடுகிறது. துணி தைப்பதோடு, ஆட்டுத் தோலில் பணப்பை, சாவிப்பை, குர்ஆன் உறை போன்றவற்றையும் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அண்மையில் அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மருமகன் விடுமுறையில் வந்தபோது, “மாமி, இதில் தைத்தால் நல்ல விலை போகும்” என்று ஒரு முழுத் தோலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அலிகேட்டர் என்னும் முதலையின் தோல். பதனிட்டு, சாயமிட்டு, கண்ணாடிபோல் மினுக்கிய தோல். நகரத்தில் ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பத்து பணப்பைகள் கேட்டிருக்கிறார். அந்தப் பணம் கிடைத்தால் ஆறு மாத மருந்துச் செலவு தீரும்.

ஆனால் வீட்டிலே மாமியார் பிடிவாதமாக நிற்கிறார். “முதலை தின்ன ஹராம். அதன் தோலில் சம்பாதித்த காசு இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அதை மடியில் வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது?” என்கிறார். இதற்கிடையில் ஒருவர் வந்து, வன்னிக் குளமொன்றில் பிடித்த முதலையின் தோலை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியாகச் சகோதரி கேட்பது: “தோலின் வால் பக்கத்தில் எண் அடித்த ஒரு பிளாஸ்டிக் பட்டி தொங்குகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வெட்டி எறிந்துவிடட்டுமா? எங்கேயிருந்து வெட்டத் தொடங்குவது என்றும் தெரியவில்லை. கை நடுங்குகிறது.”

சகோதரி, முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அந்தப் பட்டியை வெட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாமியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அது மார்க்கத்தின் கேள்வி.

மாமியின் கேள்வி

மாமி கேட்டதில் தவறில்லை. சம்பாத்தியம் ஹலாலா என்று கேட்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பது பரக்கத்து. ஆனால் உண்பது வேறு, பயன்படுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை நபிபெருமானார் (ஸல்) அவர்களே விளக்கியிருக்கிறார்கள்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துவிட்டது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, விலக்கப்பட்டது அதை உண்பதுதான் என்று தெளிவுபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற கருத்தில் முஸ்லிமில் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது.

இதை வைத்து இமாம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நாய், பன்றி, இவற்றின் கலப்பில் பிறந்தவை தவிர மற்றப் பிராணிகளின் தோல் பதனிட்டால் சுத்தமாகிவிடும். ஹனபி மத்ஹபிலும் பன்றித் தோல் விலக்கப்பட்டது. உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியின் தோல் மட்டுமே பதனிட்டால் சுத்தமாகும் என்ற கருத்துடைய அறிஞர்களும் இருந்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இது பற்றி ஏழு கருத்துக்களை எடுத்துச் சொல்கிறார்கள். ஆகவே, மாமி, உங்கள் மருமகள் கையில் இருப்பது பதனிட்ட தோல். நம் மத்ஹபின்படி அது நஜீஸ் அல்ல. அந்தப் பணப்பை சட்டைப் பையில் இருக்கும்போது தொழுதால் தொழுகைக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஆள் கொண்டுவருவதாகச் சொன்ன பச்சைத் தோல் அப்படியல்ல. பதனிடாத வரை அது நஜீஸ்தான்.

இங்கே இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வேட்டை மிருகங்களின் தோலை விரிப்பாகவும் சேணமாகவும் போட்டு அதன்மேல் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் ஹதீஸ்கள் உண்டு. அது பெருமையடிப்போரின் வழக்கம் என்பதால் தடுக்கப்பட்டது என்று அறிஞர்கள் பலர் விளக்கம் தருகிறார்கள். வயிற்றுப் பாட்டுக்காகத் தைத்து விற்கும் உங்களுக்கும், பிறர் காணப் பகட்டுக்காக வாங்குபவருக்கும் வித்தியாசம் உண்டு. எனினும் மனத்தில் உறுத்தல் இருந்தால் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மாமியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பத்திரிகையில் படித்தது என்று அவரிடம் வாதாடுவதைவிட அது அழகு.

மாமிக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். தோல் வேலை இழிந்த வேலை என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. இஸ்லாத்தில் அப்படி இல்லை. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு செத்தபோது அதன் தோலைப் பதனிட்டு, அது நைந்துபோகும் வரை அதில் பேரீச்சம்பழம் ஊறவைத்துப் பானம் செய்துவந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததை அல்லாஹ்வின் பாதையில் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 8 இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வீடு வந்தபோது, அவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் தோல்களைப் பதனிட்டு முடித்து, மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்து வைத்திருந்தார்கள். கண்ணியமிக்க அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

வன்னித் தோல் வேண்டாம்

இனி இரண்டாவது விடயம். குறைந்த விலைக்குத் தோல் தருவதாகச் சொன்னவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். இலங்கையில் இரண்டு வகை முதலைகள் உண்டு. குளங்களில் வாழும் முதலை ஒன்று; ஆற்று முகத்துவாரங்களிலும் களப்புகளிலும் வாழும் பெரிய உவர்நீர் முதலை மற்றது. இரண்டுமே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இச்சட்டம் 1937 இல் வந்து பல தடவை திருத்தப்பட்டது. கொல்வது மட்டுமல்ல, தோலை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே. நோயாளிக் கணவரையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு நீதிமன்றப் படியேறும் நிலை உங்களுக்கு வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது எப்படி ஆகாதோ, அப்படித்தான் இதுவும்.

அப்படியானால் அமெரிக்கத் தோலுக்கு மட்டும் எப்படி அனுமதி என்று கேட்பீர்கள். அலிகேட்டர் நம் பக்கத்துப் பிராணியே அல்ல. ஒரு வகை அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும், மற்றொரு வகை சீனாவின் யாங்சி நதிப் பகுதியிலும் மட்டும் வாழ்கிறது. அமெரிக்க அலிகேட்டரும் ஒரு காலத்தில் வேட்டையால் குறைந்துபோய், 1967 இல் அழியும் நிலையிலுள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாதுகாத்து வளர்த்ததால் பெருகி, 1987 இல் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. லூசியானா மாநிலத்தில் சதுப்பு நிலத்துக் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துப் பண்ணைகளில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, அதில் ஒரு பங்கை மீண்டும் சதுப்பு நிலத்தில் விடுகிறார்கள். மீதியின் தோல்தான் சந்தைக்கு வருகிறது.

அந்தத் தோல் சட்டப்படி எடுக்கப்பட்டது என்பதற்கான அடையாளமே உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற அந்தப் பட்டி! முதலைத் தோல் நாடு விட்டு நாடு போகும்போது எண் பொறித்த பட்டி அதில் இருக்க வேண்டும் என்பது சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் ஒழுங்கு. இலங்கை இந்த உடன்படிக்கையில் 1979 இல் சேர்ந்தது. பட்டியை வெட்டிவிட்டால், உங்கள் தோல் அமெரிக்கப் பண்ணைத் தோலா, வன்னிக் குளத்துத் தோலா என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இராது.

ஆனால் பட்டி மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து இப்படியான தோலைக் கொண்டுவர அங்கே ஏற்றுமதி அனுமதியும், இங்கே உரிய அனுமதியும் தேவை. மருமகனுக்கு இன்றே பேசி மூன்று விடயங்களைக் கேளுங்கள்: தோல் வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கிறதா? ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் எடுத்தாரா? விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்தாரா? இவை இல்லையென்றால் அந்தத் தோலைக் கடைக்கு விற்பனைக்குத் தைக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தில் நிலைமையைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். பிள்ளை அன்போடு கொண்டுவந்தான். ஒழுங்கு தெரியாமல் கொண்டுவந்திருக்கலாம். அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். தெரியாமல் செய்ததைத் தெரிந்த பின் தொடர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். “பத்திரம் சரியாகும் வரை பொறுங்கள், அதுவரை ஆட்டுத் தோலில் தைத்துத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். பத்துப் பையில் நான்கையாவது ஆட்டுத் தோலில் வாங்கினால் ஒரு மாத மருந்து கிடைக்கும். மீதி இன்ஷா அல்லாஹ்.

அசலும் போலியும்

கடைத்தெருவில் முதலைத் தோல் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல மாட்டுத் தோலில் அச்சுப் பதித்தவை. ஏமாறாமலிருக்கச் சில அடையாளங்கள் சொல்கிறேன்.

அச்சுப் பதித்த தோலில் செதில்கள் ஒரே ஒழுங்கில் இருக்கும்; சிறிது தூரத்தில் அதே வடிவம் மீண்டும் வரும். அசல் தோலில் ஒரு செதில் போல் இன்னொன்று இராது. வயிற்றின் நடுவில் செதில்கள் ஓடு பதித்ததுபோல் சதுரமாக இருக்கும். விலாப் பக்கம் போகப் போகச் சிறுத்து வட்டமாகும். மெல்ல வளைத்துப் பார்த்தால் செதில்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் மடியும்.

அலிகேட்டரையும் முதலையையும் பிரித்தறிய இன்னொரு வழி உண்டு. உடலின் செதில் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி இருந்தால் அது முதலை. அலிகேட்டரின் வயிற்றுச் செதில்களில் அந்தப் புள்ளி இராது. ஆனால் அதன் வயிற்றில் தொப்புள் இருந்த இடத்தில் சிலந்தி வலை போன்ற ஒரு தழும்பு இருக்கும். அதைக் குறை என்று நினைத்து வெட்டி ஒதுக்காதீர்கள். தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். கைமான் என்ற தென்னமெரிக்க வகையின் செதிலுக்குள் எலும்புத் தகடுகள் உண்டு. அதனால் அதன் தோல் விறைப்பாக இருக்கும், மடித்தால் வெடிக்கும், விலையும் குறைவு. முதலைத் தோலை மாட்டுத் தோல் போல் சதுர அடியில் அளப்பதில்லை. வயிற்றின் மிக அகலமான இடத்தைச் சென்றிமீற்றரில் அளந்து விலை வைப்பார்கள். வயிற்றில் ஓட்டையோ தழும்போ இருந்தால் தரம் குறையும்.

நம் பெண்களுக்கு முதலையைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பைகள், பணப்பைகள், சப்பாத்துகள் பலவற்றில் உட்புற உறை பன்றித் தோலால் ஆனது. மேலே எந்தத் தோலாக இருந்தாலும் உள்ளே விரித்துப் பாருங்கள். மயிர்க்கால் துவாரங்கள் மூன்று மூன்றாக, முக்கோணமாகச் சேர்ந்திருந்தால் அது பன்றித் தோல். ஆட்டுத் தோலில் துவாரங்கள் வரிசை வரிசையாக இருக்கும். இதை ஒருமுறை பழகிக்கொண்டால் மறக்காது. நீங்கள் தைக்கும் பைகளுக்கு ஆட்டுத் தோல் உறையே போடுங்கள். அதைக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். நம் சமூகத்தில் அதுவே பெரிய விளம்பரம்.

வெட்டும் முன்

பத்திரங்கள் சரியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். விலையுயர்ந்த தோலை முதலில் தொடாதீர்கள். முதல் பை கடதாசியில், இரண்டாவது ரெக்சினில், மூன்றாவது ஆட்டுத் தோலில், நான்காவதுதான் இதில். பழகுவதற்கு அட்டை வைக்கும் சிறு பையை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் வங்கி அட்டையும் வைக்க எல்லோருக்கும் அது தேவை.

மேல் துண்டு இரண்டு, 10 சென்றிமீற்றர் அகலம், 6 சென்றிமீற்றர் உயரம். அதே அளவில் ஆட்டுத் தோல் உறை இரண்டு. வங்கி அட்டையின் அளவு ஏறத்தாழ 8.6 க்கு 5.4 சென்றிமீற்றர்; தையலுக்கு விட்டது போக அது சரியாக உள்ளே அமரும். முன் துண்டின் மேல் விளிம்பு நடுவில் கட்டைவிரல் போகும் அளவு அரைவட்டமாக வெட்டிவிட்டால் அட்டையை இழுத்து எடுக்கலாம்.

தோலை மேசையில் விரித்து, வயிற்றின் நடுக்கோட்டைச் சுண்ணக் கட்டியால் மெல்லக் குறியுங்கள். அட்டை மாதிரியை அதன்மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். செதில் வரிசை பையின் விளிம்புக்கு நேராக வர வேண்டும். கோணலாக வெட்டினால் எத்தனை அழகாகத் தைத்தாலும் பை கோணலாகவே தெரியும். முன் பக்கத்துக்கு வயிற்று நடு. பின் பக்கத்துக்கு விலாப் பகுதி போதும். பத்துப் பைக்கும் மாதிரிகளை வைத்துப் பார்த்து, மீதி எவ்வளவு என்று தெரிந்த பின்பே முதல் வெட்டு. கத்தரிக்கோல் வேண்டாம், புது பிளேட் போட்ட கத்தியும் இரும்பு அடிமட்டமும் எடுங்கள். ஒரே வெட்டில் அறுக்கப் பார்க்காமல், மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுங்கள். செதிலின் மேட்டில் கத்தி வழுக்கும், கவனம்.

அடுத்து ஓரம் சீவுதல். தையல் வரும் ஓரங்களை உட்புறத்திலிருந்து ஏறத்தாழப் பாதித் தடிப்புக்குச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் நாலு மடிப்பும் சேர்ந்து கட்டையாகிவிடும். செதில் தடிப்பானது, பள்ளம் மெல்லியது. ஒரே அழுத்தத்தில் சீவினால் பள்ளத்தில் ஓட்டை விழும். ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்துச் சீவுங்கள்.

தோலுக்குக் குண்டூசி குத்தாதீர்கள். விழுந்த துளை மறையாது. உடுப்புக் காயவிடும் கிளிப்பே போதும். மேல் தோலையும் உறையையும் சப்பாத்துத் தைப்பவர் பாவிக்கும் பசையால் மெல்லிசாகப் பூசி, சற்று உலரவிட்டு ஒட்டுங்கள். யன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். அந்த மணம் குழந்தைகளுக்கு ஆகாது.

வீட்டு மெஷினில் மெல்லிய ஆட்டுத் தோல் தைக்கலாம். தோல் ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 அல்லது 4 மில்லிமீற்றராக வைத்து, பாதத்துக்கு அடியில் மெல்லிய கடதாசி வைத்தால் ஒட்டாமல் ஓடும். ஆனால் முதலைத் தோலை வீட்டு மெஷினில் ஓட்டாதீர்கள். செதிலில் ஊசி வழுக்கி உடையும், மெஷினும் கெடும். கையால் தைப்பதே நல்லது. விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளிக் கோடு இழுத்து, 4 மில்லிமீற்றருக்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிடுங்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வர வேண்டும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் முழுதும் பிரியாது. தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் தேவை. இந்தப் பைக்கு மூன்று பக்கமும் சேர்ந்து 22 சென்றிமீற்றர். ஆகவே 90 சென்றிமீற்றர் நூல் எடுங்கள். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் இறுக்கமாக நிற்கும். முடிந்ததும் விளிம்பில் மெழுகு தடவிப் பருத்தித் துணியால் சூடேறத் தேய்த்தால் வழவழப்பாகும்.

மினுக்கிய முதலைத் தோலில் தண்ணீர்த் துளி பட்டால் தழும்பு விழும். தேங்காய் எண்ணெயும் பூசாதீர்கள். கறுத்து, சிக்கு மணம் வரும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் காய வைக்கவும் வேண்டாம்.

நம் வீட்டுத் தோல்

சகோதரிகளே, எல்லோருக்கும் அமெரிக்காவில் மருமகன் இல்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் எல்லோருக்கும் வருகிறது. குர்பானித் தோல்கள் எத்தனை ஊர்களில் குழியில் போகின்றன! குர்பானி கொடுத்தவர் அந்தத் தோலை விற்றுக் காசாக்கக் கூடாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கக் கூடாது. அலி (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை இதில் நமக்கு ஆதாரம். ஆனால் ஏழைகளுக்குத் தர்மமாகக் கொடுக்கலாம். தையல் தெரிந்த ஓர் ஏழைச் சகோதரிக்குக் கொடுத்தால் அது அவர் கையில் தொழிலாகும்.

நம் வெயிலில் தோல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். உரித்த உடனே ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்து, கழுவி, நீர் வடியவிட்டு, சதைப் பக்கம் மேலாக நிழலில் விரியுங்கள். தோலின் எடையில் ஏறக்குறைய பாதி அளவு உப்பைத் தேய்த்து விடுங்கள். ஆனையிறவு உப்பு நம் வாசலிலேயே இருக்கிறது! உப்பிட்ட தோல் பதனிடும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை தாங்கும்.

பதனிடும் வேலையை மட்டும் வீட்டுக் கிணற்றடியில் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழில் செய்து உலகுக்கே அனுப்பினார்கள். அக்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது; வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கி, குடிநீரும் வயலும் கெட்டன. 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கடுமையான தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று. யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே நம் குடிநீர். ஒரு வீட்டுக் கிணற்றில் ஊற்றியது அடுத்த வீட்டுக் கிணற்றில் வரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அதை நேரிலேயே பார்த்தோம். பதனிட்ட தோலை வாங்கித் தைப்பதே நமக்கு ஏற்றது.

முடிவாக, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சகோதரி எழுதியதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1990 அக்டோபர் 30 அன்று வீட்டை விட்டுப் புறப்பட்டபோது மாமியின் தையல் மெஷின் உள்ளறையிலேயே நின்றதாம். புத்தளத்தில் முகாம் வாழ்க்கையில் மாமி கை ஊசியால் தைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாராம். திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள்தான் இருந்தனவாம். “மாமிக்குக் கோபம் தோல் மேல் அல்ல, இன்னொரு முறை எதையும் இழக்கக் கூடாது என்ற பயம்” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் மாமியைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் ஹலாலைக் காக்கிறார். நீங்கள் வீட்டைக் காக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பத்திரம் சரியாகி, ஆலிமின் பதிலும் கிடைத்த பின், முதல் பையின் முதல் துளையை மாமியைக் கொண்டே குத்தச் சொல்லுங்கள். கை ஊசித் தையல் அவருக்குத் தெரியாததா? இரட்டை ஊசித் தையலை உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார், பாருங்கள்.

அது வரை, வாலில் தொங்கும் பட்டி அப்படியே இருக்கட்டும்.

வல்ல நாயன் உங்கள் கணவருக்குப் பூரண ஷிஃபாவையும், உங்கள் கைத்தொழிலில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.